கொலையை எந்தத் தெருவில் வைப்பது?

சரித்திரப் பின்னணியில் ஒரு கொலைக் கதை எழுத உட்காருகிறவர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இருபது வருடங்களின் மீது தனி ஆசை உண்டு. அதிலும் ஐரோப்பிய நகரம் ஒன்றில், ஓவியர்களும் கவிஞர்களும் வாடகை பாக்கியோடு வாழ்ந்த ஒரு பேட்டை கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆசையில் நியாயம் இருக்கிறது. ஒரு வங்கிக்காரரும் ஒரு சலவைக்காரப் பெண்ணும் நள்ளிரவில் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள் என்றால், வேறெங்கும் அதற்கு மூன்று பக்கம் விளக்கம் எழுத வேண்டும். இந்தப் பேட்டைகளில் அது அன்றாட நடப்பு.

எந்தப் பேட்டை என்பதுதான் கேள்வி. போட்டியில் முக்கியமாக மூன்று இருக்கின்றன: பாரிஸின் மோன்மார்த்ர், லண்டனின் சோஹோ, மியூனிக்கின் ஷ்வாபிங். ஆப்சிந்த் என்ற பச்சை மது வேண்டுமா, மூடுபனி வேண்டுமா, முகமூடி நடனம் வேண்டுமா என்று பார்த்துத்தான் பலரும் முடிவு செய்கிறார்கள். வாசல் தோரணத்தைப் பார்த்துக் கல்யாண மண்டபம் பிடிக்கிற மாதிரிதான் அது. நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு இரண்டு விஷயங்களை: ராத்திரியில் தெருக்கதவை யார் திறந்துவிடுகிறார்கள்? யாரைப் பற்றிய காகிதம் யாரிடம் இருக்கிறது? துப்பறியும் கதையின் எலும்புக்கூடு இந்த இரண்டில்தான் நிற்கிறது. ஆப்சிந்தை அப்புறம் ஊற்றிக்கொள்ளலாம்.

முதலில் கதவு. அந்தக் காலத்துப் பாரிஸ் அடுக்கு வீடுகளில் கீழ்த்தளத்தில் வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. அதில் வாசல்காப்பாளர் இருப்பார். பெரும்பாலும் ஒரு அம்மாள். இரவில் தெருக்கதவு பூட்டியிருக்கும். நேரம் கழித்து வருகிற குடித்தனக்காரர் மணியடித்தால், அந்த அம்மாள் படுக்கையில் கிடந்தபடியே ஒரு கயிற்றை இழுப்பாள், தாழ் விலகும். உள்ளே வந்தவர் அவள் அறையைத் தாண்டும்போது இருட்டிலேயே தன் பெயரைச் சொல்லிவிட்டு மாடியேற வேண்டும். வெளியே போகிறவரும் கயிற்றை இழுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தாக வேண்டும். ஆக, ஒவ்வொரு வரவுக்கும் போக்குக்கும் ஒரு சாட்சி இருக்கிறாள். ஆனால் அவள் பார்த்த சாட்சி அல்ல, அரைத்தூக்கத்தில் ஒரு குரலைக் கேட்ட சாட்சி. பெயரைச் சொன்னது அந்தப் பெயருக்கு உரியவர்தானா? ஒரு நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

லண்டனில் வாடகை அறையில் இருப்பவர் சட்டைப்பையில் சொந்தச் சாவி வைத்திருப்பது சாதாரணம். வீட்டுக்காரம்மா எவ்வளவு மோப்பம் பிடித்தாலும் அந்தக் கயிறு அவள் கையில் இல்லை. மியூனிக்கில் கதவைவிடக் காகிதம் வலுவானது. ஊருக்குள் குடிவந்தவர், வீடு மாறியவர் எல்லாரும் போலீசில் பதிய வேண்டும். பெயர், பிறந்த ஊர், மதம், தொழில், எந்தத் தேதியில் எந்த முகவரி என்று ஆளுக்கொரு பதிவுத்தாள். போகிறபோக்கில் காணாமல் போவது அங்கே அவ்வளவு சுலபமில்லை.

சோஹோவை முதலில் பார்த்துவிடுகிறேன், ஏனென்றால் என் பட்டியலில் அது கடைசி. அதற்கு இரண்டு பலம் உண்டு. ஒன்று, மரண விசாரணை. இங்கிலாந்தில் சந்தேகச் சாவு என்றால் கொரோனர் என்ற மரண விசாரணை அதிகாரி ஜூரியைக் கூட்டுவார். பல சமயம் பக்கத்து மதுக்கடையின் மாடி அறைதான் விசாரணைக் கூடம். ஜூரிகள் பிணத்தை நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். சாட்சிகள் பகிரங்கமாகப் பேசுவார்கள், மறுநாள் பத்திரிகையில் எல்லாம் வந்துவிடும். நாவலின் முதல் கால்பகுதியிலேயே எல்லாப் பாத்திரங்களையும் ஒரு அறைக்குள் அடைத்துவைக்க ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது பலம் மிரட்டல். 1885-இல் வந்த குற்றவியல் சட்டத் திருத்தத்தின் 11-வது பிரிவு, ஆண்களுக்கிடையிலான உறவை, தனி அறைக்குள் நடந்ததாக இருந்தாலும், இரண்டு வருடம் வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. பணம் பறிப்பவர்களுக்குக் கொடுத்த உரிமைப் பத்திரம் என்றே அதைச் சொல்வார்கள். சோஹோவுக்குச் சற்று வடக்கே கிளீவ்லண்ட் தெருவில் ஆண் விபசார விடுதி ஒன்றைப் பற்றி 1889-இல் வெடித்த ஊழல், தந்தி அலுவலகப் பையன் ஒருவனிடம் சம்பளத்துக்கு மீறிய பணம் இருந்ததிலிருந்துதான் ஆரம்பித்தது. 1895-இல் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு தண்டிக்கப்பட்டது இதே பிரிவில்தான். ரகசியத்தைக் காக்க ஒருவன் எதுவரை போவான் என்பது உங்கள் கதையின் மையம் என்றால், யோசிக்காமல் லண்டனுக்குப் போங்கள்.

மற்றபடி அங்கே சிக்கல்தான். லண்டனின் கலைஞர் வாழ்க்கை ஒரே பேட்டையில் கூடி இருக்கவில்லை. ஓவியர்கள் செல்ஸியில், அகதிகளும் உணவு விடுதிகளும் சோஹோவில், கூடிப் பேசுவது ரீஜண்ட் தெருவின் கஃபே ராயலில். பாத்திரங்கள் பாதிக் கதையை வாடகை வண்டியில் கழிப்பார்கள். அது போக, கிழக்கே ஒயிட்சேப்பலில் 1888-இல் நடந்த 'ஜாக் தி ரிப்பர்' கொலைகளின் நிழல் இருக்கிறது. லண்டன், பனி, இரவு என்று எழுதினாலே வாசகர் மனசு அங்கே போய்விடும். அதோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

ஷ்வாபிங் வேறு மாதிரி. 1890-இல்தான் மியூனிக்கோடு சேர்ந்த ஊர். 1896-இல் நையாண்டிப் பத்திரிகையான ஸிம்ப்ளிஸிஸிமுஸ் தொடங்குகிறது. அதே வருடம் ரஷ்யாவிலிருந்து காந்தின்ஸ்கி ஓவியம் கற்க வந்து சேர்கிறார். துப்பறிவாளராக ஒரு பெண்ணை வைக்க நினைக்கிறவருக்கு மூன்றில் இதுதான் சிறந்த இடம். அரசுக் கலைக்கழகம் பெண்களைச் சேர்க்காததால், பெண் ஓவியர்கள் சங்கம் வைத்துத் தங்களுக்கென்று தனிப் பள்ளி நடத்தினார்கள். குடும்பத்தை விட்டு ஓடிவந்த பெண்கள், சுயமாகச் சம்பாதிக்க மொழிபெயர்ப்பு செய்பவர்கள், மாடல்கள் எல்லாரும் அங்கே உண்டு. ஃபிரான்ஸிஸ்கா சூ ரெவெண்ட்லோ என்ற பிரபு குலப் பெண் 1897-இல் ஒரு மகனைப் பெற்று, தகப்பன் யாரென்று சொல்ல மறுத்தபடியே அங்கே வாழ்ந்தார். ஒரு பெண் தனியாக ராத்திரி நடமாடினாள் என்று எழுத ஷ்வாபிங்கில் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரியிலிருந்து சாம்பல் புதன் வரை நீளும் ஃபாஷிங் கொண்டாட்டத்தில் முகமூடி நடனங்கள் வேறு.

குறை என்னவென்றால், ஆபத்தின் வாசனை குறைவு. அங்கே போலீஸ் பயப்பட்டது கத்தியைப் பார்த்து அல்ல, கேலிச்சித்திரத்தைப் பார்த்து. 1898-இல் ஜெர்மன் பேரரசர் கைசரின் பாலஸ்தீனப் பயணத்தைக் கிண்டல் செய்ததற்காக ஸிம்ப்ளிஸிஸிமுஸ் ஆசிரியர் குழுவே சிக்கியது. எழுத்தாளர் வேடெகிண்டும் ஓவியர் ஹைனேயும் சிறைவைக்கப்பட்டார்கள், பதிப்பாளர் லாங்கன் நாட்டை விட்டே ஓடினார். நல்ல கதைதான், ஆனால் கொலைக் கதை அல்ல. அந்தப் பேட்டை முழு வீச்சில் இருந்ததும் 1900-க்குப் பிறகுதான்.

இப்போது மோன்மார்த்ர். இது ஒரு பேட்டை அல்ல, இரண்டு. கீழே கிளிஷி, ரோஷஷுவார் பெருஞ்சாலைகளில் எரிவாயு விளக்கு, நடனக் கூடம், பாட்டு விடுதி, பணம். மேலே குன்றில் காற்றாலை, காய்கறித் தோட்டம், குடிசை, இருட்டு. இடையில் படிக்கட்டுகள். 1860 வரை இது பாரிஸ் எல்லைக்கு வெளியே இருந்ததால் நகர வரி கிடையாது, ஒயின் மலிவு. குடிக்கிற கூட்டம் சேர்ந்தது அப்படித்தான். குன்றின் வயிற்றில் ஜிப்சம் எடுத்த பழைய சுரங்கப் பொந்துகள். திங்கட்கிழமைகளில் பிகால் சதுக்கத்து நீரூற்றைச் சுற்றி மாடல்கள் கூடுவார்கள், ஓவியர்கள் வந்து பேரம் பேசி அழைத்துப் போவார்கள். குன்றின் மேல் பிரபல கொலைகாரர்களின் படங்களைச் சுவரில் மாட்டிவைத்து, 'கொலைகாரர் விடுதி' என்றே பெயர் வாங்கிய ஒரு கடையும் இருந்தது. இதை நாமாக இட்டுக்கட்டி எழுதினால் ஆசிரியர் மிகைப்படுத்துகிறார் என்பார்கள்.

ஆனால் மோன்மார்த்ர் என்று முடிவு செய்தால் போதாது. எந்த வருடம் என்பது அதைவிடப் பெரிய முடிவு. காரணம் போலீஸ் கையில் இருந்த கருவிகள். 1901 வரை ஒரு ரத்தக் கறை மனித ரத்தமா மிருக ரத்தமா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. கோழி அறுத்தேன் என்று குற்றவாளி சொன்னால் நுண்ணோக்கியில் மாட்டிக்கொள்வான், ஏனென்றால் பறவைகளின் சிவப்பணு வடிவமே வேறு. முயல் என்று சொன்னால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. ஆர்சனிக் கதை நேர்மாறு. 1836-இலேயே மார்ஷ் சோதனை வந்துவிட்டதால் வயிற்றில் ஆர்சனிக் இருப்பது தெரிந்துவிடும். ஆனால் ஓவியரின் பெட்டியிலிருக்கும் மரகதப் பச்சையே ஆர்சனிக் கலந்த சாயம்தான். விஷம் எங்கிருந்து வந்தது என்று எப்படி நிரூபிப்பது?

கைரேகையை மறந்துவிடுங்கள். காவல்துறையின் கைரேகைப் பிரிவு கல்கத்தாவில் 1897-இல் வந்தது, லண்டனில் 1901-இல். பாரிஸில் கைரேகை ஒரு கொலைகாரனைக் காட்டிக்கொடுத்தது 1902-இல். அந்தக் காலத் துப்புத்துறை எப்படி யோசித்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு ஒரு தகவல்: ஆஸ்திரியாவின் ஹான்ஸ் குரோஸ் 1893-இல் விசாரணை அதிகாரிகளுக்காக எழுதிய பெரிய கையேட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 1906-இல் நம் சென்னையில்தான் வெளிவந்தது.

சரி, வருடங்களுக்கு வருவோம். எல்லாரும் ஓடுவது 1889-க்கு. ஈஃபிள் கோபுரம், உலகக் கண்காட்சி, அக்டோபரில் திறந்த மூலான் ரூழ் நடன விடுதி. அந்தக் கோடையில் கூஃபே என்ற நீதிமன்ற அதிகாரி காணாமல் போய், ஆகஸ்டில் லியோன் அருகே அழுகிய பிணமாகக் கிடைத்து, நவம்பரில் பேராசிரியர் லக்காசாஞ் எலும்பையும் முடியையும் வைத்து அது கூஃபேதான் என்று நிறுவிய நிஜ வழக்கும் இருக்கிறது. இத்தனை இருந்தும் எனக்கு இந்த வருடம் வேண்டாம். காட்சி அதிகம், கதைக்கு இடம் குறைவு. வாசகர் ஏற்கெனவே சுவரொட்டிகளில் பார்த்துவிட்ட ஊர்.

1894 அதைவிட நல்ல தேர்வு. பிப்ரவரி 12 அன்று அரசே கூடாது என்ற அராஜகவாதிகளில் ஒருவரான எமில் ஆன்ரி என்ற இளைஞர் டெர்மினுஸ் கஃபேயில் குண்டு வீசுகிறார். ஜூனில் குடியரசுத் தலைவர் கார்னோ லியோனில் குத்திக் கொல்லப்படுகிறார். ஆகஸ்டில் அராஜகவாதிகள் என்று முப்பது பேர் மீது வழக்கு. அதில் ஒருவர் போர்த்துறை அமைச்சகத்தில் குமாஸ்தாவாக இருந்த கலை விமர்சகர் ஃபெலிக்ஸ் ஃபெனியோன். அலுவலகத்தில் வெடிதூண்டிகள் கிடைத்தும் விடுதலையானார். முந்தைய வருடம் நாடாளுமன்றத்தில் வீசப்பட்ட குண்டைப் புகழ்ந்த கவிஞர் லோரான் தைலாத், 1894 ஏப்ரலில் ஒரு உணவு விடுதியில் வெடித்த குண்டில் தன் ஒரு கண்ணை இழந்தார். கலைஞன் என்றாலே போலீஸ் சந்தேகப்பட்ட வருடம். சொந்தப் பகைக் கொலை ஒன்றை அரசியல் கொலையாக மூடி மறைக்க இதைவிடத் தோதான காலம் கிடையாது. விசாரணைக் காட்சிகளும் கனமாக வரும்: 1897 டிசம்பர் சட்டம் வரும்வரை, விசாரணை நீதிபதி மூடிய அறையில் கேள்வி கேட்கும்போது சந்தேக நபருக்குப் பக்கத்தில் வக்கீல் கிடையாது.

இருந்தாலும் என் ஓட்டு இன்னும் பின்னால், 1881–82 குளிர்காலத்துக்கு. நவம்பர் 1881-இல் ரொதோல்ஃப் ஸாலிஸ் ரோஷஷுவார் பெருஞ்சாலையில் 'கறுப்புப் பூனை' விடுதியைத் திறக்கிறார். ஜூலையில் வந்த சட்டம் பத்திரிகைகளை அவிழ்த்துவிட்டிருக்கிறது, ஒரு நிருபர் பாத்திரம் வாயைத் திறந்து எழுதலாம். இதெல்லாம் மேற்பூச்சு. உள்ளே இருப்பது 1871.

பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் புரட்சி வெடித்தது மோன்மார்த்ர் குன்றில், மார்ச் 18 அன்று, அங்கே நிறுத்தியிருந்த பீரங்கிகளைப் பிடிக்க ராணுவம் வந்தபோது. இரண்டு தளபதிகள் அன்றே அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மே மாதம் கம்யூன் ரத்தத்தில் முடிந்தபோது, அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்து எழுதிய கடிதங்கள் லட்சக்கணக்கில் அதிகாரிகளிடம் போயின. பெரும்பாலானவற்றில் கையெழுத்து இல்லை. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பசிபிக் கடலிலுள்ள நியூ கலிடோனியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். 1880 ஜூலையில் பொது மன்னிப்பு. ஒன்பது வருடம் கழித்து அதே தெருவுக்குத் திரும்பி வருகிறவன் முதலில் விசாரிப்பது எதை? அந்தக் கடிதத்தை எழுதியது யார் என்பதைத்தானே. அவன் நிமிர்ந்து பார்த்தால், பீரங்கி நின்ற அதே குன்றில், தேசத்தின் பாவத்துக்குப் பரிகாரம் என்று சொல்லி சக்ரே-கேர் பேராலயம் எழும்பிக்கொண்டிருக்கிறது. பொந்து விழுந்த குன்று தாங்காது என்பதால் 83 கிணறுகள் தோண்டி நிரப்பி அஸ்திவாரம் போட்ட கட்டிடம் அது.

அப்புறம் காகிதம். 1871 மே மாதத் தீயில் நகர மன்றமும் நீதிமன்றக் கட்டிடமும் எரிந்தபோது, 1860-க்கு முந்தைய பாரிஸின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் அழிந்தன. ஒரு பிரதி ஓரிடத்தில், மறுபிரதி மற்றோரிடத்தில் என்று பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள், இரண்டும் போய்விட்டன. சுமார் 80 லட்சம் பதிவுகளில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பிறகு மீட்க முடிந்தது, அதுவும் தேவாலயப் பதிவேடுகளையும் குடும்பங்கள் கொண்டுவந்து காட்டிய சான்றுகளையும் வைத்து. ஆக 1881-இல், இருபத்தைந்து வயதுக்காரன் ஒருவன் 'நான் இன்னார் மகன், பாரிஸில் பிறந்தவன்' என்று சொன்னால் மறுக்க மூலக் காகிதம் இல்லை. போலீஸ் தலைமையகமும் அதே தீயில் எரிந்தது, பழைய கோப்புகளில் பெரும்பகுதியும் போச்சு.

இந்த ஓட்டையை அடைக்க வந்தவர் போலீஸ் குமாஸ்தா அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன். கைதியின் தலை நீளம், நடுவிரல், இடது பாதம் என்று அளந்து அட்டையில் குறித்து அடையாளம் காணும் முறையை 1879-இலேயே அவர் எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி தூக்கிப் போட்டுவிட்டார். 1882 டிசம்பரில்தான் சோதித்துப் பார்க்க மூன்று மாத அவகாசம் கிடைத்தது. 1883 பிப்ரவரியில், வேறு பெயர் சொன்ன ஒரு பழைய கைதியை அந்த அட்டைகள் முதல்முறையாகக் காட்டிக்கொடுத்தன. மன்னிப்புக்கும் அட்டைக்கும் இடையிலுள்ள இந்த இரண்டரை வருடத்தில், பாரிஸில் வேறொருவனாக வாழ்வது சாத்தியம். அந்த ஜன்னல் மூடிக்கொண்டிருக்கிறது என்று கொலைகாரனுக்கும் தெரியாது, போலீசுக்கும் தெரியாது. வாசகருக்கு மட்டும் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: பெர்த்தியோனை வைத்துக் கடைசி அத்தியாயத்தில் முடிச்சை அவிழ்க்கப் பார்க்காதீர்கள். அந்த அட்டையில் இருப்பது அவர் ஏற்கெனவே அளந்த ஆட்கள் மட்டும்தான். 1880-இல் கப்பலில் திரும்பியவனை யாரும் அளக்கவில்லை. 1882–83 குளிர்காலத்திலேயே அவன் இரண்டு தடவை, இரண்டு பெயரில் பிடிபட்டால்தான் கணக்கு சரியாக வரும். முடிச்சை வாசல்காப்பாளர் அம்மாளின் காதிலேயே விடுவது நல்லது.

துப்பறிபவராக மாடல் பெண் ஒருத்தியை வைக்கலாம். எல்லா ஓவியர் அறைகளுக்கும் போய்வருவாள். அசையாமல் மணிக்கணக்கில் நிற்பவள் முன்னால் எல்லாரும் தடையில்லாமல் பேசுவார்கள். நிஜ ஓவியர்களைத் துப்பறிவாளராக்கும் பழக்கம் மட்டும் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. துலூஸ்-லோத்ரெக் 1901-இல்தான் இறந்தார் என்று தெரிந்த வாசகர், நடுக்கதையில் அவர் மேல் கத்தி பாய வந்தால் கொட்டாவிதான் விடுவார். 1881-இல் அவருக்குப் பதினேழு வயதுதான், மோன்மார்த்ருக்கு வந்தே சேரவில்லை.

1881 என்று முடிவு செய்தவர்கள் கைப்பிரதியை அனுப்பும் முன் சிலவற்றைத் தேடி அடித்துவிட வேண்டும். ஈஃபிள் கோபுரம் இல்லை. மூலான் ரூழ் இல்லை. கல்லறைத் தோட்டத்துக்கு மேலே போகும் கோலங்கூர் இரும்புப் பாலம் 1888-இல்தான் வந்தது. அதிலிருந்து பிணத்தைத் தள்ளிவிட முடியாது. குன்றேறும் இழுவை ரயில் 1900-இல். அவசரத் தகவலுக்குக் காற்றழுத்தக் குழாய்த் தபால் உண்டு, ஓரிரு மணி நேரத்தில் கைக்கு வரும். நோத்ர் தாம் பேராலயத்துக்குப் பின்னாலிருந்த பிணக்கிடங்கில் குளிரூட்டும் வசதி 1882-இல்தான் வந்தது. அடையாளம் தெரியாத பிணத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் கிடத்தியிருப்பார்கள், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாகப் போனார்கள். கொலைகாரனும் அந்த வரிசையில் நிற்கலாம். அவனைத் தடுக்க 1907 வரை எந்த விதியும் இல்லை.